வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்து

காசு கொடுத்துக் கூப்பிட்டவரே எங்களை வாசலில் நிற்க வைத்தது இந்த ஒரு வழக்கில்தான்.

"இன்னைக்குத் திங்கக்கிழமை, ஒம்பது மணி வரைக்கும் ராகு காலம். கோவிச்சுக்கிறாதீக" என்றார் அய்யப்பன், உள்ளே நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு. காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கத்தில் செல்லாயி ஆஃப்செட் என்ற அச்சகத்துக்கு அவர்தான் முதலாளி. "இருபத்தாறு வருசமா ராகு காலத்துல இங்க எந்த வேலையும் தொடங்குனதில்ல. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற எடம் பாருங்க."

"துப்பறியுறதுக்குமா?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும்தான்." இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார். "ராகு காலம் வந்துச்சுன்னா கம்ப்யூட்டர் ரூமப் பூட்டி சாவிய இங்க வச்சிக்கிருவேன். அந்த ஒன்றரை மணி நேரமும் டைப் அடிக்கிற பிள்ளை வெளியில உக்காந்து பத்திரிகை மடிக்கணும்."

எதிர் டீக்கடைக்குப் போனோம். நாங்கள் என்றால் நானும் நாகஜோதி அக்காவும். அக்கா முப்பது வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் தன் கையால் எழுதி எழுதியே, எது பொய் என்று எழுத்தைப் பார்த்துச் சொல்லும் வித்தை அவருக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற்றதும் துப்பறியும் நிலையம் திறந்தார். நான் மரிய ஆனந்த், அவருடைய உதவியாளன். அதற்கு முன்பு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். அதை ஏன் மூடினேன் என்பதும் இந்த வழக்கிலேயே வரப்போகிறது.

"கேஸச் சொல்லு" என்றார் அக்கா. ராத்திரி போனில் அய்யப்பன் என்னிடம்தான் புலம்பியிருந்தார்.

"ஒக்கூர்ப் பக்கம் செங்கூரணின்னு ஒரு ஊரு. அங்க நாலு கரை. நாலு வகையறான்னு வச்சுக்கங்களேன். கோயில் திருவிழாவுல வருசத்துக்கு ஒரு கரைக்கு முதல் மரியாதை. போன வருசம் தெக்குக் கரை. இந்த வருசம் கிழக்குக் கரையோட முறை. நாலு வருசமாக் காத்திருந்து வந்த முறை."

"பத்திரிகையில?"

"தெக்குக் கரைதான் முதல்ல நிக்குது. ரெண்டாயிரம் பத்திரிகை. நேத்து ஊரெல்லாம் குடுத்தாச்சு. சாயங்காலம் ரெண்டு பேருக்கு மண்டை உடைஞ்சாச்சு. வியாழக்கிழமை கிழக்குக் கரைக்காரர் வந்து கையெழுத்துப் போட்ட புரூஃப்ல பட்டியல் சரியா இருந்துருக்கு. சனிக்கிழமை அச்சுல மாறிருக்கு. நடுவுல வெள்ளிக்கிழமை யாரோ கம்ப்யூட்டர்ல கை வச்சிருக்காக."

"யாராம்?"

"டைப் அடிக்கிற ரேணுகான்னு முடிவே பண்ணிட்டாக. அந்தப் பிள்ளையோட அம்மாச்சி வீடு செங்கூரணி, தெக்குக் கரை. பதினோரு மணிக்கு ஊர்க்காரங்க இங்க வாராக. பிள்ளையை ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, சபையில நிறுத்தி, கால்ல விழ வைக்கப் போறாகளாம். அதுக்குள்ள அவகிட்ட ஒப்புதல் எழுதி வாங்கித் தரணும். அதுக்குத்தான் நம்மளக் கூப்பிட்டது."

அக்கா டீயை ஒரே மடக்கில் குடித்தார். "முடிவு எழுதிட்டு விசாரணைக்கு ஆள் தேடுறாரு. ஸ்டேஷன்லயும் இப்பிடித்தான் சில பேரு வருவாக."

ஒன்பது அடித்ததும் உள்ளே விட்டார்கள்.

ரேணுகா கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்த முகம். ஆனால் குனியவில்லை. பக்கத்தில் நின்றவன் கண்ணன், அய்யப்பனின் மருமகன். பெங்களூர் ஐ.டி. கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி மூன்று மாதமாக மாமனார் வீட்டில் இருக்கிறான். சட்டையில் ஒரு பென்குயின் படம். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடும் லினக்ஸின் சின்னம் அது.

"லினக்ஸா?" என்றேன்.

"ஆமா சார்!" அவன் முகம் மலர்ந்தது. "நீங்களும் நம்ம ஆளா? மூணு வாரம் முன்னாடி இந்த மெஷின்ல நான்தான் போட்டேன். சுத்தமான ஓபன் சோர்ஸ். இலவசம். வைரஸ் கிடையாது. யாருக்கும் அடிமையா இருக்க வேண்டியதில்ல. விண்டோஸையும் பக்கத்துல வெச்சிருக்கேன், இவங்க பழகுற வரைக்கும். அடுத்த மாசம் தூக்கிருவேன்."

"பிரிண்ட் வருதா தம்பி?" என்று கேட்டார் அக்கா, ரொம்பப் பணிவாக.

"அது... இந்த பிரிண்டருக்கு டிரைவர் இல்ல மேடம். பிரிண்டர் கம்பெனியோட தப்பு."

"ஸ்கேனரு?"

"ஸ்கேனர் கம்பெனி தப்பு."

"இந்தப் பத்திரிகையில இருக்கிற தமிழ் எழுத்து?"

"பழைய ஃபான்ட் மேடம். அது ஃபான்ட் செஞ்சவங்க தப்பு."

"நல்லது. உங்க பக்கத்துல தப்பே இல்ல" என்றார் அக்கா.

எனக்குப் பழைய எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. நானும் இப்படி ஒரு சட்டை போட்டுத் திரிந்தவன்தான். தையல்கடை, டியூஷன் சென்டர், கேபிள் ஆபீஸ் என்று ஊரெல்லாம் இலவசமாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். தையல்கடைக்காரரின் பிரிண்டர் நல்ல நாள் பார்த்துத்தான் பேப்பரைத் தள்ளியது. டியூஷன் சென்டரில் ஒரு அப்டேட் போட்டேன், வைஃபை காணாமல் போய்விட்டது. இணையத்தில் போய் உதவி கேட்டால் முதல் பதில், "வழிகாட்டியைப் படித்துவிட்டு வா." இரண்டாவது பதில், "நீ போட்ட லினக்ஸ் சரியில்லை, வேறு லினக்ஸ் போடு." வேறு போட்டால் அங்கே இன்னொருவன் அதையே சொல்வான். மொத்தம் சில நூறு வகை இருக்கிறது, ஆயுசு போதாது. பெரிய பெரிய கம்பெனிகளின் சர்வரில் அது ராஜாவாக ஓடட்டும், நான் மறுக்கவில்லை. தையல்கடை மேசையில் அதைக் கொண்டுபோய் வைத்தவனுக்கு என்ன கிடைக்கும்? வீட்டு வாசலில் வாடிக்கையாளர்கள்தான் கிடைப்பார்கள். அதுவும் கையில் சிபியுவோடு.

"ஆனந்து, முகத்தச் சரி பண்ணு" என்றார் அக்கா. "தம்பி, ஆதாரத்தக் காட்டுங்க."

கண்ணன் அறைக்குள் போய் விண்டோஸைத் திறந்தான். பத்திரிகை ஃபைலின் மேல் எலியை வைத்து அழுத்தினான். கடைசியாக மாற்றப்பட்ட நேரம் திரையில் தெளிவாக இருந்தது. வெள்ளிக்கிழமை, காலை 11.10.

"வெள்ளிக்கிழமை காலைல கடையில இருந்தது இவங்கதான். மதியம் ஒரு மணிக்கு லீவு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மனுசங்க பொய் சொல்லலாம் மேடம், கம்ப்யூட்டர் சொல்லாது."

"கேட்டீகளா?" என்றார் அய்யப்பன். "மாப்பிள்ளை நேத்து ராத்திரியே காட்டிட்டாரு. ஏழு வருசம் சோறு போட்ட கடைக்குத் துரோகம் பண்ணிட்டா."

ரேணுகா எழுந்தாள். "சோத்த நான் டைப் அடிச்சுத் தின்னேன். சும்மா போடல. காலையில நான் இருந்தது நெசம். நான் மாத்தல. கையெழுத்தான ஃபைல்தானேன்னு சனிக்கிழமை திரும்பப் படிக்காமயே அச்சுக்கு அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு மணி வண்டிக்கு என் தங்கச்சியோட சர்டிபிகேட் வாங்க சிவகங்கைக்குப் போனேன், வீடு திரும்ப ஏழாச்சு. வேற எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கம்ப்யூட்டர்ல வேற எதுவும் வித்தியாசமாப் பட்டுச்சா?" என்று கேட்டார் அக்கா.

"அதுக்கு மூணு வாரமா நேரங்காலமே தெரியலக்கா. சனிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு வந்து தொறந்தா மூணரைன்னு காட்டுது. நான்தான் திருத்துனேன். வாரத்துக்கு ரெண்டு தடவ இப்பிடித்தான். உள்ள இருக்கிற பேட்டரி போயிருச்சு போலன்னு இந்த அண்ணன்கிட்டச் சொன்னேன்."

"சாதாரண பேட்டரி பிரச்சினை" என்றான் கண்ணன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

ஒன்பது மணிக்கு மூன்றரை. ஐந்தரை மணி நேர வித்தியாசம். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். ரைட்டராக இருந்தபோது போட்ட பூட்ஸை அவர் இன்னும் விடவில்லை.

அவர் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிடம் போனார். கிழித்த தாள்களைக் கம்பியில் குத்தி வைக்கும் பழக்கம் அய்யப்பனுக்கு. வெள்ளிக்கிழமைத் தாளை உருவி எடுத்தார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை ராகு காலம் எப்ப?"

"பத்தரை பன்னெண்டு" என்றார் அய்யப்பன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற வேகத்தில்.

"போன வெள்ளிக்கிழமை நீங்க கடையில இருந்தீகளா?"

"இருந்தேனே."

"ரூமப் பூட்டுனீகளா?"

"இதென்ன கேள்வி? இருபத்தாறு வருசமா..."

"பதினொண்ணு பத்துக்குச் சாவி எங்க இருந்துச்சு?"

அய்யப்பனின் கை தானாக இடுப்புக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது. இருபத்தாறு வருடக் கொள்கையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, மருமகன் காட்டிய திரையை நம்பியிருக்கிறார் மனிதர்!

"டூப்ளிகேட் சாவி போட்டிருப்பாங்க மாமா" என்றான் கண்ணன்.

"எங்கய்யா காலத்துப் பூட்டு மாப்பிள்ள. அதுக்குச் சாவி போடுற ஆளே இப்ப இல்ல" என்றார் அய்யப்பன். குரல் இறங்கியிருந்தது. "அந்த நேரம் இந்தப் பிள்ளை என் முன்னாலதான் உக்காந்து பத்திரிகை மடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

ரேணுகா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எங்கள் முன்னால் அதுவரை அழாதவள், அந்த ஒரு வாக்கியத்துக்கு அழுதாள். இதை நேற்றே யோசித்துச் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று அந்த மனிதரின் சட்டையைப் பிடித்துக் கேட்கத் தோன்றியது.

"பூட்டுன ரூமுக்குள்ள யாரும் போகல" என்றார் அக்கா. "அப்ப கம்ப்யூட்டருதான் பொய் சொல்லுது. அதுக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்தது யாரு? ஆனந்து, இப்பப் பேசு."

நான் பேசவில்லை. செய்தே காட்டினேன். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால். திரையிலும் பத்தே கால். கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, லினக்ஸுக்குள் போகச் சொன்னேன். அது பாஸ்வேர்டு கேட்டது. கண்ணன்தான் அடித்தான். வேறு யாருக்கும் அது தெரியாது. இணையத்தைப் பார்த்து லினக்ஸ் நேரத்தைச் சரி செய்துகொள்ளும்வரை காத்திருந்தேன். மறுபடி அணைத்து விண்டோஸைத் திறந்தேன். சுவரில் பத்தரை. திரையில் விடிகாலை ஐந்து.

"ஏ ஆத்தீ!" என்றார் அய்யப்பன்.

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரே ஒரு கடிகாரம்தாண்ணே. விண்டோஸ் அதுல நம்ம ஊரு நேரத்த வைக்கும். லினக்ஸ் உலகப் பொது நேரத்த வைக்கும். அது நமக்கு அஞ்சரை மணி பின்னால. லினக்ஸ் வச்சிட்டுப் போன நேரத்த, விண்டோஸ் வந்து நம்ம நேரம்னு நம்பிக்கிரும். ஒரே மெஷின்ல ரெண்டையும் போட்ட எல்லாருக்கும் மொத வாரமே இது தெரியும்." கண்ணனைப் பார்த்தேன். "சட்டை போட்டவுகளுக்கு மட்டும் தெரியாது போல."

அக்கா விரல் விட்டு எண்ணினார். "பதினொண்ணு பத்தோட அஞ்சரையக் கூட்டு. சாயங்காலம் நாலு நாப்பது. ரேணுகா சிவகங்கையில. நீங்க எங்க அண்ணே?"

"மத்தியானம் சாப்ட்டு வீட்டுல ஒரு தூக்கம் போடுவேன். அஞ்சு மணிக்குத்தான் கடைக்கு வருவேன். அதுவரைக்கும் கல்லாவுல..." நிறுத்திவிட்டார். கல்லாவில் யார் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"நான் லினக்ஸ்ல உக்காந்திருந்தேன், ஒத்துக்கறேன்" என்றான் கண்ணன். "அதுக்காக நான் ஏன் பேரை மாத்தணும்? அந்த ஊரே எனக்குத் தெரியாது."

"அதான் தம்பி விஷயம். உங்களுக்குத் தெரியாது" என்றார் அக்கா.

மாதிரிகள் ஒட்டிய ஆல்பத்தை எடுத்துப் போன வருடத்துச் செங்கூரணிப் பத்திரிகையைப் பிரித்தார். பக்கத்தில் இந்த வருடத்துச் சண்டைப் பத்திரிகை. பக்கத்திலேயே வியாழக்கிழமை புரூஃப்.

"புரூஃப்ல, பள்ளிக்கூடத்து சார் பேருக்குக் கீழ 'தலைமையாசிரியர், ஓய்வு'ன்னு இருக்கு. அச்சான பத்திரிகையில வெறும் 'தலைமையாசிரியர்'. போன வருசப் பத்திரிகையிலயும் அப்பிடியே. ஓய்வு பெத்தவருக்கு மறுபடி வேலை போட்டுக் குடுத்துருக்காக. ரேணுகா தெக்குக் கரைக்காகச் செஞ்சிருந்தா ரெண்டு வரிய மேல கீழ மாத்துனாப் போதும், சார் பேருல ஏன் கை வைக்கணும்? இது போன வருச ஃபைலத் தொறந்து, பட்டியல மொத்தமா எடுத்து ஒட்டுன வேலை. நாலு கரைக்கும் முறை சுத்தி வரும்னு செங்கூரணிப் பேத்திக்குச் சின்னப் பிள்ளையிலயே தெரியும். பேரெல்லாம் அதே பேருதானேன்னு நெனைக்கிறது வெளியூரு ஆளு."

கண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"டெமோ காட்டத்தான் ஓபன் பண்ணேன்" என்றான். "லினக்ஸ்லயே பத்திரிகை பண்ணலாம்னு மாமாவுக்கு நிரூபிக்கணும்னு. ஃபைல் திறந்துச்சு. ஆனா ஒரு பக்கம் முழுக்க ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கிறுக்கலா இருந்துச்சு. குப்பைன்னு நெனச்சு அழிச்சேன். சேவும் பண்ணிட்டேன்."

"அந்தக் குப்பைதான் நாலு கரை" என்றேன். பழைய தமிழ் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பழைய தமிழ் அப்படித்தான் தெரியும். இவன் கவலையில்லாமல் நாலு வகையறாவையும் கூட்டிப் பெருக்கித் தள்ளியிருக்கிறான்.

"அப்புறம் விண்டோஸுக்கு வந்து பாத்தா பட்டியலையே காணோம், பயந்துட்டேன். போன வருச ஃபைல்ல இருந்து பட்டியலை எடுத்து ஒட்டிட்டேன்."

"அது தப்பு. யாரும் பண்ணுற தப்பு" என்றார் அக்கா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அபூர்வம். "நேத்து ராத்திரி என்ன பண்ணுனீக? பதினொண்ணு பத்துன்னு கண்ணுல பட்டதும், நீங்க தொட்டது சாயங்காலம்னு தெரிஞ்சே, இவ பேரச் சொன்னீக. பிரிண்டர் கம்பெனி தப்பு, ஸ்கேனர் கம்பெனி தப்பு, கடைசியா ரேணுகா தப்பு. அப்பிடித்தான?"

கண்ணன் மாமனாரைப் பார்த்தான்.

அய்யப்பன் மெதுவாக ரேணுகாவிடம் போனார். மன்னிப்புத்தான் கேட்கப் போகிறார் என்று நானும் நம்பினேன்.

"ஆத்தா, நடந்தது நடந்துபோச்சு. மாப்பிள்ளையப் போயி எப்பிடி ஊருக்கு முன்னால... என் மக வாழ்க்கை. நீ கைதவறிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருத்தா. நீ அந்த ஊருப் பிள்ளை, ஒன்னிய மன்னிச்சுருவாக."

"யோவ்" என்று எழுந்தேவிட்டேன். வாடிக்கையாளரை யோவ் என்று கூப்பிட்டது எங்கள் நிலையத்தின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அக்கா இந்தமுறை காலை மிதிக்கவில்லை.

அதற்குள் வாசலில் வண்டிகள் நின்றன. கிழக்குக் கரைப் பெத்தன் முன்னால் வந்தார். புரூஃபில் கையெழுத்துப் போட்டவர். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர். ஒருவர் நெற்றியில் கட்டு.

"அய்யப்பா, எவ அந்தப் பிள்ளை? இங்குட்டு வரச் சொல்லு. அதுக்கு முன்னால, புதுப் பத்திரிகை எங்க? மூணு மணிக்குள்ள ஊருக்குள்ள சரியான பத்திரிகை போகலைன்னா அடுத்த மண்டை எங்க கரையுதா இருக்காது."

அய்யப்பன் ரேணுகாவைப் பார்த்தார். கண்ணனும் பார்த்தான். புதுப் பத்திரிகை என்றால் அந்தப் பழைய ஃபான்டில், அந்தப் பழைய கீபோர்டு முறையில், நாற்பத்திரண்டு பெயரையும் பிழையில்லாமல் அடித்து, பிளேட்டுக்கு அனுப்பும் ஆள் அந்தக் கடையில் ஒருத்திதான். பென்குயின் சட்டைக்கு அதில் ஒரு எழுத்து வராது.

ரேணுகா கம்ப்யூட்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உட்காரவில்லை.

"அரை மணியில அடிச்சுக் குடுத்துருவேன்" என்றாள். "அதுக்கு முன்னால பேர மாத்துனது யாருன்னு இவுகளுக்குச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். செஞ்சவுக சொல்லட்டும்."

சுவர்க் கடிகாரம் ஓடியது. பெத்தன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அய்யப்பன் தரையைப் பார்த்தார்.

"நான்தான்" என்றான் கண்ணன்.

"வாசல்ல நிக்கிறவுகளுக்குக் கேக்கல" என்றாள் ரேணுகா.

"நான்தான் மாத்தினேன். இவங்க இல்ல. இவங்க மேல பழி போட்டதும் நான்தான்."

பெத்தன் கண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளையா?" என்று அய்யப்பனிடம் கேட்டார். அவர் தலையாட்டினார். "சாயங்காலம் சபைக்குக் கூட்டிட்டு வா. இந்தப் பிள்ளை வர வேண்டாம்."

அப்போதுதான் ரேணுகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எலியைப் பிடித்துத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே விடிகாலை ஐந்து முப்பத்தைந்து என்று இருந்தது.

"என்னத்தா பண்ற? நேரமாகுது, பட்டியல அடி" என்றார் பெத்தன்.

"மொதல்ல மணியத் திருத்திக்கிறேண்ணே" என்றாள் அவள். "இல்லைன்னா நாளைக்கு இதையும் நான் விடியக்காலம் திருட்டுத்தனமா வந்து செஞ்சேன்னு சொல்லுவாக."